சிஐஏவைக் கண்காணிக்கும் ஐ.ஜி.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிஐஏவில் ஐ.ஜி. என்றால் போலீஸ் அதிகாரியா?

இல்லை. நம்மூரில் ஐ.ஜி. என்றதும் காக்கிச் சட்டையும் சைரன் வைத்த காரும் நினைவுக்கு வருவது இயல்புதான். அமெரிக்காவில் இன்ஸ்பெக்டர் ஜெனரல் என்பவர் வேறு. பெரிய அரசுத் துறைகள் பெரும்பாலானவற்றில் இப்படி ஒருவர் இருப்பார். அந்தத் துறைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அதன் செலவுகள், முறைகேடுகள், சட்டமீறல்களைத் தோண்டுவது அவர் வேலை. நம்முடைய தணிக்கைத் துறையையும் விஜிலென்ஸையும் ஒரே அறையில் உட்கார வைத்தது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

சிஐஏவின் ஐ.ஜி. கொஞ்சம் தனி ரகம். மற்றத் துறைகளில் ஐ.ஜி. கோட்டை விட்டாலும் பத்திரிகைக்காரர்கள், நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்கள் என்று யாராவது எட்டிப் பார்ப்பார்கள். உளவு நிறுவனத்தில் அதற்கு வழி இல்லை. எந்தக் கோப்பையும் கேட்டு வாங்கிப் படிக்கும் உரிமையோடு உள்ளே இருக்கும் ஆள் அவர்தான். ஆனால் அவர் யார் மீதும் வழக்குப் போட முடியாது, யாரையும் வேலையை விட்டுத் தூக்க முடியாது. குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தால் நீதித் துறைக்கு (நீதிமன்றம் அல்ல, வழக்குத் தொடரும் அரசுத் துறை) எழுதலாம். மற்றபடி கையில் இருப்பது ஓர் அறிக்கை, அவ்வளவுதான்.

அவரை நியமிப்பது யார்? சிஐஏ இயக்குநரா?

1989 வரை இயக்குநர்தான். அதாவது, யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரே கண்காணிப்பாளரைத் தேர்ந்தெடுத்தார். வேலிக்கு ஓணான் சாட்சி. 1986இல் ஈரான்-கான்ட்ரா விவகாரம் வெடித்தபோது (ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் நிகரகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்கு உதவிய கதை) சிஐஏவின் உள்விசாரணை சப்பென்று இருந்ததைக் காங்கிரஸ், அதாவது அவர்கள் நாடாளுமன்றம், கவனித்தது. மூன்று வருடம் கழித்துச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டப்படி ஐ.ஜி.யை ஜனாதிபதி முன்மொழிய வேண்டும், செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். நீக்கும் அதிகாரமும் ஜனாதிபதிக்கு மட்டுமே, அதுவும் காரணத்தை இரு அவைகளின் உளவுக் குழுக்களுக்கும் எழுதித் தெரிவித்த பிறகு. சிஐஏ இயக்குநருக்கு ஒரே ஒரு தடுப்பு விட்டுவைத்தார்கள். நாட்டின் பாதுகாப்புக்கு மிக அவசியம் என்று கருதினால் ஒரு விசாரணையை அவர் நிறுத்தலாம். ஆனால் நிறுத்தியதை ஏழு நாளுக்குள் அதே குழுக்களிடம் சொல்லியாக வேண்டும். என் கணிப்பில் இந்த ஏழு நாள்தான் சட்டத்தின் சூட்சுமமான இடம். சத்தமில்லாமல் கதவை மூடும் வசதி போய்விட்டது.

1989க்கு முன் இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டி பொம்மைகளா?

அப்படிச் சொன்னால் லைமன் கர்க்பாட்ரிக்குக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

1950களின் தொடக்கத்தில் சிஐஏவின் ரகசிய நடவடிக்கைப் பிரிவில் வேகமாக மேலே ஏறிக்கொண்டிருந்தவர் அவர். 1952இல் ஆசியப் பயணம் ஒன்றில் போலியோ தாக்கி, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். அவர் எதிர்பார்த்திருந்த பாதையில் சக அதிகாரி ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் முன்னேறினார். கர்க்பாட்ரிக் 1953இல் ஐ.ஜி. ஆனார்.

1961 ஏப்ரலில் பே ஆஃப் பிக்ஸ். காஸ்ட்ரோவைக் கவிழ்க்க சிஐஏ பயிற்சி கொடுத்து அனுப்பிய சுமார் 1,400 கியூப அகதிகள் கடற்கரையில் இறங்கி, மூன்றே நாளில் சிக்கினார்கள். 1,100க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். கென்னடி இரண்டாவது விமானத் தாக்குதலை ரத்து செய்ததுதான் காரணம் என்பது சிஐஏவுக்குள் பலர் பாடிய பாட்டு. தோல்வியை விசாரித்து அறிக்கை எழுதிய கர்க்பாட்ரிக் அந்தப் பாட்டைப் பாடவில்லை. திட்டம் மோசம், ஆட்கள் தேர்வு மோசம், கியூப மக்கள் திரண்டு எழுவார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை, ஊரெல்லாம் தெரிந்த பிறகும் ரகசியம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள் என்று தன் நிறுவனத்தின் மேலேயே பழியை வைத்தார்.

கோபம் பொங்கியது. திட்டத்தை நடத்திய ரிச்சர்ட் பிஸ்ஸல் பிரிவு தனியாக ஒரு மறுப்பே எழுதியது. வேலை கிடைக்காத பொறாமையில் எழுதினார் என்று பேசினார்கள். அவரும் ஒரு தவறு செய்தார்: பதவி விலகவிருந்த சிஐஏ இயக்குநர் ஆலன் டல்லஸுக்கு முன்பாக, புதிதாக வரவிருந்த ஜான் மெக்கோனின் கையில் அறிக்கையைக் கொடுத்தார். உள்ளடக்கம் சரியாக இருந்தும் கொடுத்த விதத்தால் கெட்ட பெயர் வாங்கினார். அந்த அறிக்கை பொதுமக்கள் கண்ணில் பட்டது 1998இல். 37 வருடம்!

சரி, ஜான் ஹெல்கர்சன் பெயர் ஏன் அடிக்கடி அடிபடுகிறது?

2002 முதல் 2009 வரை ஐ.ஜி.யாக இருந்தவர். செப்டம்பர் 11க்குப் பிறகான ரகசியச் சிறைகளும் விசாரணைமுறைகளும் நடந்துகொண்டிருந்த அதே காலம். அந்த விஷயத்தை முதலில் முழுமையாகத் தோண்டி எழுதியது பத்திரிகையோ செனட்டோ அல்ல, இவருடைய அலுவலகம்தான்.

ஆளைப் பார்த்தால் கலகக்காரர் இல்லை. அரசியல் அறிவியல் படித்துவிட்டு 1970களின் தொடக்கத்தில் சிஐஏவில் ஆய்வாளராகச் சேர்ந்தவர். அதாவது, வெளிநாட்டில் ஆள் பிடிக்கிற ஒற்றர் பக்கம் அல்ல, வந்த தகவலை உட்கார்ந்து அலசி எழுதுகிற பக்கம். ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்தார். ஒருமுறை துணை ஐ.ஜி.யாகவும் இருந்தார். முப்பது வருடம் அதே கட்டடத்தில் சாப்பிட்டு, அதே ஆட்களோடு லிஃப்டில் ஏறி இறங்கியவர். ஓய்வு கண்ணுக்குத் தெரிகிற வயதில் இந்தப் பதவிக்கு வந்தார். இது சின்ன விஷயம் அல்ல. அடுத்து எந்த நாற்காலி என்று கணக்குப் போடுகிறவர் இந்த அறிக்கைகளை எழுதியிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

சித்திரவதை பற்றிய விசாரணையை அவரே தொடங்கினாரா?

தொடக்கம் கொஞ்சம் வித்தியாசமானது. 2002 நவம்பரில் ஆப்கானிஸ்தானில் சிஐஏ நடத்திய ரகசியச் சிறை ஒன்றில் குல் ரஹ்மான் என்ற கைதி குளிரில் விறைத்து இறந்தார். இடுப்புக்குக் கீழே துணி இல்லாமல், வெறும் கான்கிரீட் தரையில் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ரகசிய நடவடிக்கைப் பிரிவின் தலைவரே ஐ.ஜி. அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். இதற்கிடையில் அல் காய்தா ஆட்கள் என்று பிடித்து வைத்திருந்த அபு சுபைதா, அல் நஷிரி ஆகியோரை விசாரித்த முறை பற்றியும் உள்ளிருந்தே புகார்கள் வந்தன. செய்தவர்களில் சிலருக்கே உறுத்தல் இருந்திருக்கிறது. 2003 ஜனவரியில் முழு ஆய்வு தொடங்கியது.

நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் பேசினார்கள், 38,000 பக்க ஆவணங்களைப் படித்தார்கள். 2004 மே 7 தேதியிட்ட அறிக்கை வந்தது.

அதில் இருந்தவை இன்று உலகுக்குத் தெரியும். முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றி மூச்சுத் திணற வைக்கிற வாட்டர்போர்டிங்கை அபு சுபைதாவுக்கு 83 முறையும் செப்டம்பர் 11 தாக்குதலின் சூத்திரதாரி காலித் ஷேக் முகமதுவுக்கு 183 முறையும் செய்திருந்தார்கள். அல் நஷிரியின் தலைக்கருகே, தோட்டாவை ஏற்றுவது போலத் துப்பாக்கியை இழுத்துச் சத்தம் எழுப்பினார்கள். தலையை மூடி நிர்வாணமாக நிறுத்தி, பக்கத்தில் துளைபோடும் டிரில் இயந்திரத்தை ஓடவிட்டார்கள்.

எண்ணிக்கையை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நீதித் துறை எழுத்தில் அனுமதித்த முறைக்கும் நடந்த முறைக்கும் உள்ள இடைவெளியை ஹெல்கர்சன் அளந்து காட்டினார். வழக்கறிஞர்களிடம் சொன்னது ஒன்று, ஊற்றிய தண்ணீரின் அளவு வேறு. ‘சட்ட அனுமதி இருந்தது’ என்ற கேடயத்தில் அங்கேதான் ஓட்டை விழுந்தது. இன்னொன்று: இந்த விசாரணைகளில் தகவல் கிடைத்தது, சில பயங்கரவாதிகள் பிடிபட்டார்கள் என்று அறிக்கை ஒப்புக்கொள்கிறது. ஆனால், கைதிகள் சொன்ன சதித் திட்டங்கள் நாளையோ மறுநாளோ நடக்கவிருந்தவை என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் எழுதியது. ஒரு பக்கம் மட்டும் சாயாமல் எழுதியதால்தான் யாரும் அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை.

என்றாவது சர்வதேச நீதிமன்றத்தின் தேடப்படுவோர் பட்டியலில் தங்கள் பெயர்கள் வந்து நிற்குமோ என்று ஒரு அதிகாரி பயந்து சொன்னதும் அதே அறிக்கையில் இருக்கிறது.

கைதிகளை விசாரித்ததைப் பதிவு செய்த வீடியோ டேப்புகளை அழித்துவிட்டார்கள் என்கிறார்களே, அவற்றை ஐ.ஜி. பார்த்தாரா?

பார்த்தார்கள், நல்லவேளை. 2003 மே மாதம் ஐ.ஜி. அலுவலக ஆட்கள் வெளிநாட்டுக்குப் பறந்து 92 டேப்புகளை உட்கார்ந்து பார்த்தார்கள். 11 டேப்புகளில் எதுவுமே இல்லை. இரண்டில் ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. இரண்டு உடைந்திருந்தன. பதிவேட்டோடு ஒப்பிட்டதில் 21 மணி நேரம் பதிவாகாமல் போயிருந்தது தெரிந்தது. அந்த நேரத்தில் இரண்டு வாட்டர்போர்டிங் அமர்வுகள் நடந்திருக்கின்றன.

2005 நவம்பரில், ரகசிய நடவடிக்கைப் பிரிவின் தலைவராக இருந்த ஹோஸே ரொட்ரிகஸின் உத்தரவில் டேப்புகள் அத்தனையும் அழிக்கப்பட்டன. அதற்குள் ஐ.ஜி. ஆட்கள் எடுத்த குறிப்பு கோப்பில் ஏறிவிட்டது. சிறப்பு வழக்கறிஞர் ஜான் டர்ஹாம் விசாரித்தார். அழித்ததற்காக யார் மீதும் குற்றச்சாட்டு பதிவாகவில்லை.

அறிக்கை வந்து என்ன ஆனது? யாராவது ஜெயிலுக்குப் போனார்களா?

அறிக்கைக்கு முன்பே, 2003இல் ஆப்கானிஸ்தானில் ஒரு கைதியை அடித்த சிஐஏ ஒப்பந்த ஊழியர் ஒருவர் பின்னர் தண்டிக்கப்பட்டார். அந்தக் கைதி இறந்துபோனார், ஊழியருக்கு எட்டு வருடத்துக்கு மேல் சிறை கிடைத்தது. அதைத் தவிர வேறு யாரும் போகவில்லை. டர்ஹாம் கைதிகள் விவகாரத்தையும் மறுபடி ஆராய்ந்து 2012இல் வழக்கு எதுவும் இல்லாமல் மூடினார்.

அப்படியானால் வீணா என்று கேட்கலாம். அறிக்கை வந்த அடுத்த மாதமே, அந்த விசாரணைமுறைகளுக்கு அடித்தளமாக இருந்த 2002ஆம் ஆண்டுச் சட்டக் கருத்துரையை நீதித் துறை அதிகாரி ஜாக் கோல்ட்ஸ்மித் திரும்பப் பெற்றார். 2009 ஆகஸ்டில் அறிக்கையின் பெரும்பகுதி வெளியானபோது வாட்டர்போர்டிங் எண்ணிக்கை பற்றிய வாக்குவாதங்களுக்கு அரசின் சொந்தக் காகிதமே பதிலானது. பிறகு செனட் குழு பல வருடம் செலவிட்டு எழுதிய பெரிய அறிக்கை எங்கே தொடங்கியது என்று பார்த்தால் பாதி வழி இங்கேதான் வரும்.

செப்டம்பர் 11ஐத் தடுக்கத் தவறியதற்கு சிஐஏ ஆட்களைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினாராமே?

ஆமாம், 2005இல். காங்கிரஸின் கூட்டு விசாரணைக் குழு கேட்டுக்கொண்டதால் எழுதியது. விமானம் கடத்தியவர்களில் இருவரின் பயணம் பற்றி 2000ஆம் ஆண்டிலேயே சிஐஏவுக்குத் தகவல் இருந்தது. அது தொடர்பான தந்திகளை 50 முதல் 60 பேர் வரை படித்திருந்தார்கள் என்று ஐ.ஜி. கண்டுபிடித்தார். அத்தனை பேர் படித்தும் அந்த இருவரைக் கண்காணிப்புப் பட்டியலில் உரிய நேரத்தில் சேர்க்கவில்லை, உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கும் தகவல் சரியாகப் போகவில்லை.

முன்னாள் இயக்குநர் ஜார்ஜ் டெனட் உட்படப் பலரின் பொறுப்பைத் தீர்மானிக்க ஒரு குழு அமைக்கச் சொன்னார் ஹெல்கர்சன். அப்போதைய இயக்குநர் போர்ட்டர் காஸ் மறுத்துவிட்டார். சுருக்கம் மட்டும் 2007இல் வெளியானது, அதுவும் காங்கிரஸ் சட்டம் போட்டுக் கேட்ட பிறகு.

ஐ.ஜி.யையே சிஐஏ விசாரித்தது என்பது உண்மையா?

உண்மை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த, அதாவது மிகவும் எரிச்சலூட்டிய பகுதி இதுதான். 2007 அக்டோபரில் பத்திரிகைகளில் செய்தி கசிந்தது. இயக்குநர் மைக்கேல் ஹேடன் தன் ஆலோசகரான ராபர்ட் டீட்ஸ் தலைமையில் ஒரு சிறு குழுவைப் போட்டு ஐ.ஜி. அலுவலகத்தை ஆராயச் சொல்லியிருந்தார். விசாரணைகள் வருடக்கணக்கில் இழுக்கின்றன, அதிகாரிகளை முன்கூட்டியே குற்றவாளிகளாகப் பார்க்கிறார்கள் என்பது புகார்.

புகாரில் ஒரு துளி நியாயமும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்று நான்கு வருடம் தலைமேல் கத்தி தொங்கினால் பதவி உயர்வும் போகும், தூக்கமும் போகும். ஆனால் ஐ.ஜி. மீது புகார் இருந்தால் அதற்கு வெள்ளை மாளிகையிலேயே வேறு வழி உண்டு. கண்காணிக்கப்படுகிற இயக்குநரே கண்காணிப்பாளரை ஆராய்வது முறையா? செனட் உறுப்பினர்களும் இதைத்தான் கேட்டார்கள்.

2008 தொடக்கத்தில் ஹெல்கர்சன் சில மாற்றங்களுக்கு ஒப்புக்கொண்டார். விசாரிக்கப்படுகிறவர்களின் குறையைக் கேட்க ஒருவர், அறிக்கையின் தரத்தைச் சரிபார்க்க ஒருவர். அப்புறம், முக்கியமான பேட்டிகளை வீடியோவில் பதிவு செய்வது. டேப்புகளை அழித்த நிறுவனம், ஐ.ஜி.யிடம் வீடியோ எடுக்கச் சொன்னது.

இந்த வேலைக்கு வர என்ன தகுதி வேண்டும்?

சட்டம் கேட்பது: கட்சிச் சார்பு பார்க்காமல் தேர்வு, நேர்மை, சிஐஏவின் பாதுகாப்புச் சோதனையில் தேறுவது. கூடவே வெளிநாட்டு உளவுத் துறை அனுபவம், அதோடு கணக்கு, தணிக்கை, சட்டம், பொது நிர்வாகம் போன்றவற்றில் தெரிந்த திறமை.

உள்ளே இருந்து வந்தவர் நல்லதா, வெளியாள் நல்லதா என்பது தீராத வாக்குவாதம். 1990இல் சட்டப்படி நியமிக்கப்பட்ட முதல் ஐ.ஜி. ஃபிரெடரிக் ஹிட்ஸ் இரண்டும் கலந்தவர். சட்டம் படித்தவர், 1960களில் சிஐஏவில் வேலை பார்த்துவிட்டுப் பல துறைகளுக்குப் போய்த் திரும்பியவர். சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் ஒன்பது வருடம் ரஷ்யர்களுக்கு உளவு பார்த்ததை விசாரித்து எழுதியது அவர்தான். அரசுச் சம்பளக்காரர் 5,40,000 டாலருக்கு ரொக்கமாக வீடு வாங்குகிறார், ஜாகுவார் காரில் வருகிறார், ஒருவரும் கேட்கவில்லை. ஹிட்ஸ் 23 பேரின் பொறுப்பைச் சுட்டினார். இயக்குநர் ஜேம்ஸ் வூல்சி 11 பேருக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தார். வேலை போனது ஒருவருக்கும் இல்லை.

ஹெல்கர்சனுக்குப் பிறகு?

2009இல் அவர் ஓய்வு பெற்றதும் ஒரு வருடத்துக்கும் மேல் நாற்காலி காலி. 2010இல் டேவிட் பக்லி வந்தார். சித்திரவதை பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த செனட் ஊழியர்களின் கணினிகளுக்குள் சிஐஏ ஆட்கள் ஐந்து பேர் முறையற்று நுழைந்ததை 2014இல் அவர் உறுதி செய்தார். அதுவரை அப்படி ஒன்றும் இல்லை என்ற தொனியில் பேசிய இயக்குநர் ஜான் பிரென்னன் செனட் குழுத் தலைவர் டயான் ஃபைன்ஸ்டைனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. பிரென்னன் அமைத்த வேறொரு குழு 2015 ஜனவரியில் அந்த ஐவர் மீதும் தவறில்லை என்றது. அதே மாதம் பக்லி பதவி விலகினார்.

அடுத்த ஐ.ஜி.யாக ராபின் ஆஷ்டனை செனட் ஒப்புக்கொண்டது 2021இல். நடுவில் ஆறு வருடம் பொறுப்பு அதிகாரிகளை வைத்தே ஓட்டினார்கள். அந்தக் காலத்தில்தான் ஐ.ஜி. அலுவலகம் செனட்டின் சித்திரவதை அறிக்கையின் தன் பிரதியைத் தவறுதலாக அழித்துவிட்டதாகச் செய்தி வந்தது. தவறுதலாக! சிஐஏவின் வேறு இடத்தில் இன்னொரு பிரதி இருந்தது.

சட்டப் பாதுகாப்பு இருக்கும்போது ஐ.ஜி.யைச் சுலபமாகத் தூக்க முடியுமா?

முடியும். எல்லா உளவு அமைப்புகளுக்கும் பொதுவான ஐ.ஜி.யாக இருந்த மைக்கேல் அட்கின்சனைக் கேளுங்கள். 2019 ஆகஸ்டில், டிரம்ப் உக்ரைன் அதிபரிடம் தொலைபேசியில் பேசியது பற்றிய புகார் அவரிடம் வந்தது. சட்டம் கொடுத்த 14 நாளுக்குள் ஆராய்ந்து, நம்பத்தக்கது, அவசரமானது என்று மேலே அனுப்பினார். மேலிடம் காங்கிரஸுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டது. அட்கின்சன் புகாரின் உள்ளடக்கத்தைச் சொல்லாமல், இப்படி ஒரு புகார் இருக்கிறது என்று மட்டும் குழுக்களுக்கு எழுதினார். அந்தக் கடிதம் டிரம்பின் முதல் பதவிநீக்கத் தீர்மானம் வரை போனது. செனட்டில் டிரம்ப் தப்பினார். 2020 ஏப்ரல் 3, வெள்ளிக்கிழமை இரவு, ‘நம்பிக்கை போய்விட்டது’ என்ற காரணத்தோடு அட்கின்சனை நீக்கும் கடிதம் வந்தது. சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பு. ஆனால் அன்றே விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். 2022இல் சட்டத்தைத் திருத்தி, இனி விவரமான காரணம் எழுத வேண்டும் என்றார்கள்.

இந்த அறிக்கைகளை நாம் படிக்கலாமா?

படிக்கலாம், இணையத்தில் கிடைக்கின்றன. ஹெல்கர்சனின் 2004 அறிக்கையைத் திறந்தால் முதலில் பயமுறுத்துவது கறுப்பு மைதான். பல பக்கங்கள் முழுக்கக் கறுப்பு. என்ன நடந்தது என்பதைப் படிக்க விட்டவர்கள், என்ன செய்ய வேண்டும் என்ற பரிந்துரைகளை 2009 பிரதியில் மறைத்துவிட்டார்கள். பின்னால் வெளியான பிரதிகளில் கறுப்பு குறைந்திருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஆங்கிலம் கடினமில்லை. பத்திகளுக்கு எண் போட்டிருப்பார்கள். டேப்புகள் பற்றிய பத்தியிலிருந்து தொடங்குங்கள், வெற்று டேப்புகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருப்பார்கள்.